கயிறு எதைப் பிடிச்சிருக்கு?

தென்னை, பனை ஏறுபவரின் உயிரைக் காக்கும் நங்கூரமும் கொக்கியும்

கோட்டைப்பட்டினம் கடற்கரையில் நங்கூரம்னா என்னன்னு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நங்கூரம் எவ்வளவு கனமா இருந்தாலும் தரை பிடிக்கலைன்னா படகு நகரும். தரை பிடிச்சும் கயிறு நைந்திருந்தா நகரும். கயிறு புதுசா இருந்தும் அதைச் சேர்க்கிற வளையம் துருவேறி இருந்தா, அப்பவும் நகரும். மூணுல எது சொத்தையோ அதுதான் மொத்தத்தோட பலம். கடலில் எல்லாருக்கும் தெரிந்த இந்தக் கணக்கை, அதே ஊரில் ரோட்டுக்கு மேற்கே இருக்கிற தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் மறந்து விடுகிறோம்.

ஐம்பது அடி உயரத்தில் ஒருவர் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குலையை வெட்டுகிறார். இடுப்பில் ஒரு கயிறு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், அந்தக் கயிறு எதைப் பிடித்திருக்கிறது? என்ன முடிச்சு? என்ன கொக்கி? இந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

ஐம்பது அடி என்றால் சுமார் 15 மீட்டர். அங்கிருந்து நழுவினால் தரையைத் தொட இரண்டு விநாடி கூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு உயரம்கூட வேண்டாம். கடற்படை அதிகாரித் தேர்வில் தடை தாண்டும் சோதனையின்போது 1975-இல் விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர் எஸ். ராமகிருஷ்ணன். அவர்தான் பிறகு 1981-இல் தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கி, தன்னைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களுக்குத் துணையாக நின்றார். அவருடைய மனவுறுதி அபூர்வமானது. மரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு நொறுங்கிய பெரும்பாலானவர்களுக்கு வீட்டுத் திண்ணையும் கடனும்தான் மிச்சம். மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதைதான்.

இயற்கை வழியில் ஏற்றம் கூடும்

இயற்கை வேளாண்மை செய்கிறவர்களுக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை வரும். 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் வருடத்துக்கு 8 வெட்டு. அதாவது ஒரு ஏக்கருக்கு வருடம் 560 முறை ஒரு மனிதர் மேலே போய் வருகிறார்.

இது காய் வெட்டுக்கு மட்டும். காண்டாமிருக வண்டுக்கு நாம் நஞ்சு வைப்பதில்லை. கொண்டைக்குள் கம்பி விட்டு வண்டைக் குத்தி எடுக்கச் சொல்கிறோம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்கில் போடச் சொல்கிறோம். காய்ந்த பன்னாடையையும் மட்டையையும் கழித்துச் சுத்தமாக வைக்கச் சொல்கிறோம். எல்லாம் நல்ல முறைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் இன்னொரு ஏற்றம். காய் வெட்டப் போனவர் குலைக்குக் கீழேயே நின்று வேலையை முடிக்கலாம். குருத்துக்கு மருந்து வைக்கப் போனவர் கொண்டைக்குள் ஏறியாக வேண்டும்.

அதனால் முதல் பாதுகாப்பு, ஏறுவதைக் குறைப்பது. எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சணத்தைக் கலந்தால் வண்டின் புழு தரையிலேயே சாகும். இனக்கவர்ச்சிப் பொறியைக் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டலாம். இளமரத்துக்கு அலக்குக் கம்பு போதும். வெட்டு, கொண்டை சுத்தம், வேப்பந்தூள் மூன்றையும் ஒரே ஏற்றத்தில் முடிக்கத் திட்டமிடலாம். இத்தனைக்குப் பிறகும் ஏறித்தான் ஆகணும்னு மிச்சமிருக்கிற வேலைக்குத்தான் கயிறும் கொக்கியும்.

நிற்க ஒரு கயிறு, விழாமலிருக்க ஒரு கயிறு

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் பல விபத்துகள் தொடங்குகின்றன.

இடுப்பைச் சுற்றி மரத்தோடு கட்டிக்கொள்ளும் கயிறு, கை இரண்டும் வேலை செய்ய வசதியாக நிற்பதற்கு. சாய்ந்து நிற்கலாம். ஆனால் கால் வழுக்கினால் அந்தக் கயிறு மரத்தோடு சேர்ந்து சர்ரென்று கீழே இறங்கும். தென்னையும் பனையும் கிளை இல்லாத மரங்கள். கயிற்றைத் தடுக்க நடுவில் ஒன்றும் கிடையாது. தளைநார் போட்டு ஏறுகிறவருக்கும் இதே கதைதான். தளை காலுக்குப் பிடிமானம் தரும், விழுகையைத் தடுக்காது.

விழுகையைத் தடுப்பது வேறு ஏற்பாடு. அதில் நான்கு உறுப்பு உண்டு. உடம்பில் மாட்டும் முழு உடல் பட்டை, அதாவது ஹார்னஸ். மரத்தைப் பிடிக்கும் நங்கூரம். இரண்டுக்கும் நடுவே போகும் கயிறு, இதைக் கடைக்காரர் லேன்யார்டு என்பார். இவற்றைச் சேர்க்கும் கொக்கிகள். இந்த நான்கும் ஒரு சங்கிலி.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டை விழுகைத் தடுப்புக்கு நம்பக்கூடாது. விழுந்த வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும், அல்லது ஆள் தலைகீழாக நழுவி வெளியே வந்துவிடுவார். அமெரிக்காவில் 1998 ஜனவரி 1 முதல் இந்த உபயோகத்துக்கு இடுப்பு பெல்ட் தடை செய்யப்பட்டுவிட்டது. முழு உடல் பட்டை என்றால் தோள், மார்பு, இரண்டு தொடை என்று விசையைப் பிரித்து வாங்கும். நம் நாட்டில் இதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3521 என்ற தரம் இருக்கிறது. வாங்கும்போது அந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் பட்டையில் தைத்த சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுபது கிலோ ஆள், ஆயிரத்து ஐநூறு கிலோ இழுப்பு

"நான் எழுபது கிலோ. இந்தக் கயிறு இருநூறு கிலோ மூட்டையைத் தூக்கும். அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். கணக்கைப் பார்ப்போம்.

எழுபது கிலோ ஆள் இரண்டு மீட்டர் விழுகிறார். கயிறு கொஞ்சம்கூட நீளாமல் பத்து சென்டிமீட்டருக்குள் அவரை நிறுத்துகிறது என்று வையுங்கள். அந்த நேரத்தில் கயிற்றிலும் கொக்கியிலும் மரத்திலும் விழும் இழுப்பு சராசரியாக 1,450 கிலோவுக்கு மேல். அதே விசை அவர் உடம்பிலும்தான். கயிறு தாங்கினாலும் உடம்பு தாங்காது.

இதனால்தான் லேன்யார்டில் ஷாக் அப்சார்பர் என்ற மடிப்புப் பொட்டலம் வைக்கிறார்கள். விழும்போது அதன் தையல் வரிசையாகக் கிழிந்து, வேகத்தை மெதுவாக உறிஞ்சும். ஒரு மீட்டர் தூரத்துக்கு அது கிழிந்தபடி நிறுத்தினால், மேலே சொன்ன 1,450 கிலோ சுமார் 210 கிலோவாகக் குறைகிறது. நிறுத்தும் தூரம் கூடக்கூட அடி குறையும். பழத்தை ஏந்துபவர் கையைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதும் இதே கணக்கில்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு மீட்டர் லேன்யார்டு, அதன் பொட்டலம் விரியும் தூரம், ஆள் உயரம், தரைக்கு மேல் கொஞ்சம் மிச்சம் எல்லாம் சேர்த்தால் நங்கூரத்துக்குக் கீழே சுமார் 20 அடி வெற்றிடம் வேண்டும். பதினைந்து அடி மரத்தில் நீளமான லேன்யார்டை மாட்டினால், அது விரிந்து முடிப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார். அங்கே கயிறு குட்டையாக, தளர்வே இல்லாமல் இருக்க வேண்டும்.

எளிய விதி இதுதான்: நங்கூரம் எப்போதும் நெஞ்சுக்கு நேராகவோ அதற்கு மேலேயோ இருக்கட்டும். கயிற்றில் தொங்கல் குறையக் குறைய விழும் தூரம் குறையும். நங்கூரம் காலடியில் இருந்தால் கயிறு நீளத்தைப் போல இரண்டு மடங்கு விழுவீர்கள்.

நங்கூரம் எது, எது இல்லை

விழுகையைத் தாங்கும் நங்கூரம் ஆளுக்கு 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி. ஒரு நடுத்தர டிராக்டரைத் தொங்கவிடலாம் என்ற அளவு.

இந்த அளவோடு தென்னையைப் பாருங்கள். மட்டை நங்கூரம் ஆகாது. தென்னை தானாகவே மட்டையைக் கழிக்கிற மரம். இன்று பச்சையாகத் தெரிகிற அடிமட்டை அடுத்த மாதம் விழப்போகிறது, அதன் பிடி உள்ளுக்குள் தளர்ந்திருக்கும். பாளையும் குலைக்காம்பும் நங்கூரம் ஆகாது. பனையில் காய்ந்த ஓலைக்காம்பும் அப்படித்தான். மிஞ்சுவது தண்டு மட்டும். அடிமட்டைக்குக் கீழே, உயிருள்ள தண்டைச் சுற்றி ஸ்லிங் எனப்படும் தைத்த பட்டை வளையத்தைப் போட்டு இறுக்குவதுதான் நங்கூரம்.

அதைத் தொளதொளவென்று வளையமாகப் போட்டால் எடை விழுந்ததும் கீழே ஓடும். ஸ்லிங்கின் ஒரு நுனியை மறு நுனிக்குள் நுழைத்துச் சுருக்குப் போல வரிந்தால், எடை இழுக்க இழுக்க மரத்தை இறுக்கிப் பிடிக்கும். தண்டை ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்று சுற்றி வரிந்தால் பிடி இன்னும் கூடும். சுருக்குப் போடும்போது ஸ்லிங்கின் பலம் கொஞ்சம் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள், அதற்கேற்ற தாங்குதிறன் உள்ளதை வாங்குங்கள். ஏறும்போதே மரத்தை இறுக்கியபடி மேலே நகர்த்தத் தோதான சுருக்கு வகை லேன்யார்டும் மரம் ஏறும் தொழிலுக்கென்றே விற்கிறது. கிளையில்லா மரத்துக்கு அதுதான் பொருத்தம்.

கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஒரு விவசாயி உருவாக்கிய இரண்டு மிதிக் கருவி நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. கம்பி வளையம் மரத்தை மாறி மாறி இறுக்க, ஏணி ஏறுவது போல ஏறலாம். அந்தக் கருவியும் கால் வைக்கத்தான். கால் கருவியிலிருந்து பிசகினால் பிடிக்க வேறொன்று வேண்டும் என்றுதான் காசர்கோடு மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் அதற்குத் தனியாக ஒரு பாதுகாப்பு இணைப்பை உருவாக்கியது. கருவி வாங்குகிறவர்கள் அந்த இணைப்பையும் கேட்டு வாங்குங்கள்.

கொக்கிக்குள் என்ன இருக்கு

நங்கூரத்தையும் கயிற்றையும் சேர்ப்பது கொக்கி. உள்ளங்கையில் அடங்கும் பொருள். ஆனால் அது திறந்துகொண்டால் மற்ற மூன்றும் வீண்.

இதற்கு காரபினர் என்று பேர். வளைந்த உடல், அதில் திறந்து மூடும் கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. நல்ல காரபினரின் உடலில் மூன்று எண் பொறித்திருக்கும். நீளவாக்கில் எவ்வளவு தாங்கும், குறுக்குவாக்கில் எவ்வளவு, கதவு திறந்திருந்தால் எவ்வளவு என்று. அளவு கிலோநியூட்டனில் இருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் 22 தாங்குகிற காரபினர், குறுக்காகத் திரும்பினாலோ கதவு திறந்திருந்தாலோ பெரும்பாலும் ஏழு எட்டுதான் தாங்கும். மூன்றில் ஒரு பங்கு! ஒரே கொக்கிதான். மாட்டின விதத்தில் பலம் மூன்றில் இரண்டு போய்விடுகிறது.

ஆகவே மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

1. கதவு முழுதாக மூடியதா, பூட்டு விழுந்ததா என்று கண்ணால் பார்த்து, விரலால் அமுக்கிச் சோதியுங்கள். 'டக்'குனு சத்தம் கேட்டாப் போதாது.

2. திருகுப் பூட்டு, மரத்தில் உரசி உரசித் தானாகவே கழன்றுகொள்ளும். வேலைக்கு நடுவிலும் தொட்டுப் பாருங்கள். முடிந்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையை வாங்குங்கள்.

3. கதவு மரத்தின் பக்கம் இருக்கக்கூடாது. தண்டில் அழுந்தினால் திறக்கும் அல்லது வளையும்.

4. கொக்கியின் முதுகு நீளத்திலேயே இழுப்பு விழ வேண்டும். தண்டின் வளைவில் கொக்கி குறுக்கே கிடந்து அழுந்துவது கூடாது. ஸ்லிங் நுனி தண்டைவிட்டு வெளியே வரும் இடத்தில் கொக்கி இருக்கட்டும்.

5. ஒரு வளையத்தில் ஒரு கொக்கி. இரண்டு கொக்கியை ஒரே வளையத்தில் திணித்தால் ஒன்று மற்றதன் கதவைத் தள்ளித் திறந்துவிடும்.

6. லேன்யார்டைத் தண்டைச் சுற்றிக் கொண்டுவந்து அதன் கயிற்றிலேயே கொக்கியை மாட்டாதீர்கள், அதற்கென்று தயாரிக்கப்பட்டதாக இருந்தாலொழிய. கொக்கி குறுக்கே இழுபடும், கயிறும் அறுபடும்.

7. நீளம் குறைக்க முடிச்சுப் போடாதீர்கள். முடிச்சு விழுந்த இடத்தில் கயிற்றின் பலம் மூன்றில் ஒரு பங்கு, சில முடிச்சில் பாதி வரை குறையும்.

அரிவாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் ஹார்னஸ் மாட்டுகிறவர் கையில் அரிவாள் கிடையாது. நம்மவர் கையில் உண்டு. இழுத்துக் கட்டின துணிப்பட்டை, கூர்மையான அரிவாள் லேசாகப் பட்டாலே அறுந்துபோகும். மரவேலை செய்பவர்கள் வெட்டும் நேரத்தில் தனித்தனியாக இரண்டு இணைப்பு போட்டுக்கொள்வதும், அதில் ஒன்று உள்ளே எஃகுக் கம்பி ஓடும் லேன்யார்டாக இருப்பதும் இதனால்தான். வீச்சு எப்போதும் உங்கள் ஸ்லிங்குக்கு மேலே, வெளிப்பக்கமாக இருக்கட்டும். ஆனால் மின்கம்பி பக்கத்தில் போகிற மரத்தில் எஃகும் வேண்டாம், ஏற்றமும் வேண்டாம். மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் அந்த மரம்.

படகுக் கயிறு வேண்டாம்

நம் கரையோரத்தில் ஒரு பழக்கம் உண்டு. படகில் ஓய்வு பெற்ற கயிறு தோப்புக்கு வரும். மாடு கட்ட, வேலி கட்ட, படல் கட்ட அது நல்ல கயிறுதான். ஆள் உயிருக்கு வேண்டாம். வெயிலிலும் உப்புத் தண்ணீரிலும் கிடந்த நைலான் வெளியே தடிமனாகத் தெரிந்தாலும் உள் இழை செத்திருக்கும். இழைக்குள் படிந்த உப்புப் பரல் உரசி உரசி அறுக்கும். பிளாஸ்டிக் வகைக் கயிறு மரத்தில் வேகமாக உரசினால் சூட்டிலேயே உருகும்.

படகுச் சாமான் கடையில் பளபளவென்று கிடைக்கும் கொக்கியும் அப்படித்தான். துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் தாங்குதிறன் எண் பொறிக்காத கொக்கி ஆளுக்கானது அல்ல.

நல்ல கருவியையும் உப்புக்காற்று விடாது. காரபினரின் கதவுச் சுருளில் துரு ஏறினால் கதவு பாதியில் நிற்கும். வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கதவு மூட்டில் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள். எண்ணெய் பட்டையில் படக்கூடாது. பட்டையை வெயிலில் காயப் போடாதீர்கள்.

நஞ்சில்லாத தோட்டம் என்றாலும் நம்மிடமும் சாமான்கள் உண்டு. குருத்தழுகலுக்குப் போர்டோ பசை தடவினால் அதில் சுண்ணாம்பும் மயில்துத்தமும் இருக்கும். பாலியெஸ்டர் பட்டைக்குக் காரம் ஆகாது, நைலானுக்கு அமிலம் ஆகாது. கோமியமோ பசையோ பட்டால் உடனே கழுவுங்கள். டிராக்டர் பேட்டரிக்குப் பக்கத்தில் ஹார்னஸைத் தொங்கவிடாதீர்கள்.

ஒவ்வொரு முறை ஏறும் முன்னும் பட்டையைக் கையில் மடக்கி, வெட்டு, கருகல், தையல் பிரிவு, விறைப்பு இருக்கிறதா என்று ஓரம் முழுக்கத் தடவிப் பாருங்கள். ஒருமுறை விழுகையைத் தாங்கிய கருவி மறுபடி உயரத்துக்குப் போகக்கூடாது. ஷாக் அப்சார்பர் பொட்டலம் லேசாகப் பிரிந்திருந்தாலும் அதோடு சரி. அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள். சும்மா மூலையில் போட்டால் நாளைக்கு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

மரம் நம்பிக்கையா இருக்கா?

நங்கூரம் என்பது கடைசியில் மரம்தான். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது புதுக்கோட்டை, தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் விழுந்த தென்னை கணக்கில் அடங்காது. விழாமல் சாய்ந்து, பிறகு நிமிர்ந்து காய்க்கிற மரங்களும் நிறைய. அப்படி நிற்கிற மரத்தின் ஒரு பக்க வேர் அறுந்திருக்கலாம். ஏறும் முன் அடிமண்ணில் விரிசல் இருக்கிறதா, தள்ளினால் அடி அசைகிறதா என்று பாருங்கள்.

அடித்தண்டில் செம்பழுப்பு நிறத்தில் சாறு வடிந்து, அடிமட்டைகள் தொங்கினால் தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அந்த மரத்தின் வேர் அழுகிக்கொண்டிருக்கும். தண்டில் ஓட்டை, மென்ற நார், பழுப்புக் கசிவு இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. உள்ளே குடைந்திருந்தால் கொண்டையே முறிந்து விழும். இடி விழுந்த மரம், கரையான் ஏறிய மரம், நடுத்தண்டு சுருங்கிய மரம், இவற்றில் ஏற வேண்டாம். சொத்தை மரத்தோடு கட்டிக்கொண்டால் மரத்தோடு சேர்ந்து விழ வேண்டியதுதான்.

ஏறும் வரிசை

முதலில் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் ஸ்லிங்கை வரிந்து, கொக்கி மாட்டி, முழு எடையையும் கொடுத்து உட்கார்ந்து குலுக்கிப் பாருங்கள். இறங்கினால் சுற்றைக் கூட்டுங்கள். மழை பெய்து பாசி படர்ந்த நாளில் அன்றைக்கு ஒரு தரம் புதிதாகச் சோதிக்க வேண்டும். வாடைக் காற்று அடிக்கிற நாளில் ஏற்றமே வேண்டாம்.

ஏறும்போது சுருக்கு லேன்யார்டு கூடவே நகரட்டும், இடுப்புக்குக் கீழே அதை விடாதீர்கள். கொண்டையை எட்டியதும் இரண்டாவது ஸ்லிங்கை அடிமட்டைக்குக் கீழே தண்டில் வரிந்து மாட்டுங்கள். அது பிடித்ததைச் சோதித்த பிறகுதான் முதலாவதைத் தொடலாம். எந்த நொடியிலும் ஒன்றாவது மாட்டியிருக்க வேண்டும். இறங்கும்போதும் இதே வரிசை. களைப்பில் அவசரப்படுவது இறங்கும்போதுதான்.

கொண்டைக்குள் வேலை செய்யும்போது இடுப்பு ஸ்லிங்கை விட்டு ஒரு அடிக்கு மேல் உயரக்கூடாது. எட்டாத குருத்துக்குக் கம்பி நீளமா இருக்கட்டும், ஆள் நீள வேண்டாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நேரே மரம் ஏறாதீர்கள். கை பார்த்துக் கற்க வேண்டிய வித்தை இது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் 'தென்னை மர நண்பர்கள்' என்று கருவியோடு பயிற்சி கொடுத்து வருகிறது. நமக்குப் பக்கத்தில் வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்திலும், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலும் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

தொங்குகிறவரை யார் இறக்குவது?

கயிறு வேலை செய்துவிட்டது. ஆள் விழவில்லை, நாற்பது அடியில் தொங்குகிறார். காப்பாற்றியாச்சுன்னு நினைக்காதீர்கள். அசையாமல் பட்டையில் தொங்கினால் தொடைப்பட்டை இறுக்கி, ரத்தம் காலிலேயே தேங்கும். சில நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிரும் போகலாம்.

அதனால் தனியாக மரம் ஏறக்கூடாது. கீழே ஒருவர் இருக்க வேண்டும், அவர் மரத்தடியில் அல்ல, காய் விழும் வட்டத்துக்கு வெளியே. எட்டும் உயரத்துக்கு ஏணி, இரண்டாவது ஹார்னஸ், ஏறத் தெரிந்த இன்னொருவர் பக்கத்துத் தோப்பிலாவது வேண்டும். தொங்குகிறவர் நினைவோடு இருந்தால் காலை அசைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். கால் வைக்க ஒரு கயிற்று வளையம் பட்டையிலேயே மடித்து வைத்திருந்தால் அதில் மிதித்து எழும்பி நிற்கலாம். இறக்கியதும் படுக்க வைத்து, மூச்சைப் பார்த்து, 108-ஐ அழையுங்கள்.

ஒருவர் தரையில் விழுந்தே விட்டால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப் பைக்கில் உட்கார வைக்காதீர்கள். முறிந்த எலும்பு தண்டுவடத்தை அறுப்பது பல நேரம் அந்தத் தூக்கலில்தான். தலை, கழுத்து, முதுகு ஒரே கோட்டில் இருக்க, ஆம்புலன்ஸ் வரும் வரை அசைக்காமல் வையுங்கள்.

கூலிக் கணக்கு

"கயிறு கட்டினா வேலை ஓடாதுங்க" என்பார் ஏறுகிற அண்ணன். அவர் சொல்வது உண்மை. மரத்துக்கு இவ்வளவு என்றுதான் நாம் கூலி பேசுகிறோம். மரத்துக்கு இரண்டு நிமிடம் கூடினால் ஏக்கருக்கு 140 நிமிடம். அந்த நேரத்தில் அவர் இன்னும் எத்தனையோ மரம் ஏறியிருப்பார். அந்த நஷ்டத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, "ஏன் ஹார்னஸ் போடலை?" என்று கேட்பது நியாயமில்லை. பாதுகாப்புக்கு ஆகும் நேரத்துக்கும் சேர்த்து மரக்கூலியைக் கூட்டுங்கள்.

"முப்பது வருஷமா ஏறுறேன், ஒண்ணும் ஆனதில்லை" என்பார். அவர் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. குளவி கொட்டுவதும், மட்டை தானாகப் பிடி விடுவதும், வெயிலில் கண் இருட்டுவதும் திறமை பார்த்து வருவதில்லை.

கருவி வாங்குவது தோப்புக்காரர் கடமை. சிறு விவசாயிக்குத் தனியாக முடியாதென்றால் உழவர் குழுவாகச் சேர்ந்து இரண்டு செட் வாங்குங்கள். ஒன்று ஏற, ஒன்று மீட்க. யார் எப்போது எடுத்தார், என்ன பழுது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மரம் ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீட்டில் பிரீமியத்தின் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது. பனைத் தொழிலாளருக்கு நலவாரியம் இருக்கிறது. விவசாயத் தொழிலாளருக்கு முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. உங்கள் தோப்பில் ஏறுகிறவர் இதில் எதிலாவது பதிந்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போய்ப் பதிய வையுங்கள்.

கிணற்றுக்கும் இதே கணக்கு

தூர் வார இறங்கும் கிணற்றிலும் நங்கூரம் வேண்டும். பம்புசெட் குழாய், கைப்பிடிச் சுவர், துருப்பிடித்த உருளைக் கம்பி, நிறுத்தி வைத்த பைக் எதுவும் நங்கூரம் ஆகாது. உயிருள்ள பெரிய மரத்தின் அடித்தண்டு ஆகும். கட்டைவைத்து, கைபிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்ட டிராக்டரின் உடற்சட்டம் ஆகும். வாயில் கயிறு உரசும் இடத்தில் சாக்குப்பை மடித்து வையுங்கள். கயிறு நல்லா இருந்தாலும், நெடுநாள் மூடிக் கிடந்த கிணற்றில் மூச்சுக்காற்று இருக்காது. அங்கே இறங்கவே கூடாது, முதலாமவரைக் காப்பாற்ற இரண்டாமவரும் இறங்கக்கூடாது. தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

சிமெண்ட் ஷீட் போட்ட மாட்டுக்கொட்டகைக் கூரையும் கால் வைக்க உரியதல்ல. ஷீட்டும் அதைப் பிடிக்கும் ஜே போல்ட்டும் நங்கூரம் ஆகா. பழுது பார்க்கணும்னா கீழிருந்து சாரம் கட்டிப் பாருங்கள்.

மண்புழு சாகக்கூடாதென்று உரத்தை விட்டோம். தேனீ சாகக்கூடாதென்று மருந்தை விட்டோம். அந்தத் தோப்பில்தான் வருடத்துக்கு 560 முறை ஒரு மனிதர் மேலே போகிறார். அடுத்த வெட்டுக்கு அவர் வரும்போது, அரிவாளைத் தீட்டுவதற்கு முன் அவர் கயிற்றை வாங்கிக் கையில் மடக்கிப் பாருங்கள். கொக்கியில் எண் இருக்கிறதா, கதவு பூட்டுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த வெட்டு ஒரு வாரம் தள்ளிப் போகட்டும். முற்றின தேங்காய் ஒரு வாரம் காத்திருக்கும்.